வாயில் விட்டுப் பார்க்காத தண்ணீர்

என் கணவருக்கு இரண்டு பட்டப்பெயர்கள். காரைக்காலில் அவர் பியூனாக இருந்த ஆபீசில் ‘மிராசு’ என்பார்கள். ஊரில் ‘சர்க்கார்’ என்பார்கள். கடைமடையில் இரண்டு மா நிலமும், முக்கால் ஏக்கர்கூட வராது, உடம்பில் காக்கிச் சட்டையும் இருந்தால் வேறென்ன சொல்வார்கள்? எனக்கு இரண்டுமே எரிச்சல். இவருக்கு மட்டும் ‘மிராசு’ என்றால் சிரிப்பு வந்துவிடும்.

எங்கள் வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் கடல் ஏறி வந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் மடை திறக்கும் முன் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் கார்த்திகையிலேயே மழை நின்றுவிட்டது. மார்கழியில் பயிர் கதிர்விடக் காத்திருந்தது. வயல் வெடித்துக் கிடந்தது. இவர் விடிந்ததும் வயலுக்கு ஓடுவார், அங்கிருந்து ஆபீசுக்கு ஓடுவார். ஒருநாள் தாமதமானதும் அதிகாரி எல்லோர் எதிரிலும், “மிராசுக்கு ஆபீஸ் எதுக்கு? வயல்லயே இருந்துக்கலாமே” என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் ஆத்திரம். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்த இவர் மேல் அதைவிட ஆத்திரம்.

மறுநாள் காலை வயலிலிருந்து வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. “தண்ணி வந்துட்டு! மடையத் தொறந்து விட்டுட்டேன்” என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு ஆபீசுக்குப் பறந்தார். நான் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மதியம் புல் அறுக்கப் போனவள் வரப்பில் குனிந்து முகம் கழுவினேன். உதட்டில் உப்புக் கரித்தது. மடையை அடைத்துவிட்டு வரப்பை வெட்டிப் பார்த்தேன். வாய்க்கால் வயலைவிட உயரமாக நின்றது, வடிய வழியில்லை. வெட்டிய இடத்தை அடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் கேட்டேன். “வாயில விட்டுப் பாத்தீங்களா?”

“நேரமாயிட்டு” என்றார்.

தை பிறப்பதற்குள் பயிர் நுனியிலிருந்து கருகிப் போயிற்று. கோடையில் மண்ணில் உப்புப் பூத்தது. அடுத்த வருடம் இவர் நாற்று விடவில்லை. ஆபீசுக்கு மட்டும் முதல் ஆளாகப் போனார். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வீட்டிலிருந்தோம். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஆபீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்று, “மிராசு இருக்காருங்களா?” என்று சிரித்தபடி கேட்டார்.

இவர்தான் எழுந்து போனார்.

“அப்படி யாரும் இங்க இல்லீங்க.”

வந்தவர் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். நான் உள்ளே ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.