அம்மா கேட்டு அலைந்த செடி

மல்லிகையோடு கிராம்பைக் கசக்கிக் கலந்ததுபோல இருக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லியே, நான் பார்த்திராத ஒரு செடியின் வாசம் ஏழு வயதிலேயே எனக்குப் பழகிப்போயிருந்தது. ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் அம்மா கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது, வாசற்படியோரம் நின்ற புதர் அது. ஒரே பூ முதல் நாள் ஊதாவாகவும், அடுத்த நாள் வெளிர்நீலமாகவும், அதற்கடுத்த நாள் வெள்ளையாகவும் இருக்குமாம். புதிதாக வந்த துரை அதை வேரோடு பிடுங்கச் சொல்லிவிட்டார். தேயிலைக் கன்று வளர்க்கும் 'தவறணை'க்கு வேலை மாறிய பிறகு, ஒரு கொப்பையாவது கேட்டு வாங்கியிருக்கலாமே என்ற குறை அம்மாவுக்கு இன்னும் கூடியது.

நுவரெலியாவுக்குப் போகும் ஞாயிறுகளில் பாதையோர நர்சரிகளில் எல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு நுழைந்து, தெரிந்த சிங்களத்தில் நிறத்தையும் வாசத்தையும் சொல்லிக் கேட்பார். அப்படி ஒரு நர்சரிக்காரர் தமிழிலேயே, "பேர் தெரியாம எப்படிக்கா தேடுறது?" என்றார். "கண்டா தெரிஞ்சிருவேன்" என்றார் அம்மா.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம். அப்பா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்தார். மாலை நாலு மணிக்கு தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில், எங்கள் 'காம்பரா' அறையில் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, ஈரவிறகின் புகையை மீறிக்கொண்டு, யாரோ பூங்கொத்தை மூக்கருகே பிடித்ததுபோல ஒரு வாசம் வந்தது. அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்ததும், என் மணிக்கட்டில் மாவு ஒட்டியதும், இருவரும் மழையில் கோயிலடி வரை நடந்ததும் நினைவிருக்கின்றன. அங்கே வாசம் அறுத்ததுபோல நின்றுவிட்டது. ஒரு செடியும் இல்லை. எங்களுக்குப் பின்னால் லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், லயத்தின் கடைசி மூன்று வீடுகள் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் இருந்தது. நடுவீடு எங்களுடையது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தையை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அதன்பின் அம்மா எந்த நர்சரியிலும் ஏறவில்லை. எங்களைக் காப்பாற்றிய அம்மாவின் மூக்கின் பேரில் எனக்கொரு பக்தியே உண்டாகி, வளர்ந்து ஆசிரியையான பிறகு, போகும் ஊரெல்லாம் நான் கேட்டு அலைந்தேன். போன வருடம் பொல்பிட்டியப் பக்கம் ஒரு சின்ன நர்சரியில், ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நின்றது. கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தேன்.

கண்ணை மூடி முகர்ந்தார். "இதேதான் பாப்பா."

நானும் குனிந்தேன். அன்று வந்த வாசம் இதுவல்ல. அதைச் சொன்னேன்.

அம்மா பூவிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு எனக்கு ஒரு வாசமும் வரலியே. நீதான் பூ வாசம் வருது, வாங்கம்மான்னு நின்ன. செடி கெடைச்சிருச்சாக்கும்னு மாவுக் கையோட ஒன்னப் புடிச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

அந்த லயம் இப்போது இல்லை. மண் சரிந்த இடமெங்கும் மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது, எஞ்சியிருந்த குடும்பங்களும் வேறு மேட்டுக்குப் போய்விட்டன. செடி அம்மாவின் வாசலில் வேர்பிடித்துப் பூக்கிறது. மழை பிடித்த மாலைகளில் மட்டும் அம்மா பூவைப் பார்ப்பதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.