பீப்பாயில் மட்டும் ஓடிய மோட்டார்

திருத்தணியில் சித்தூர் ரோட்டில், டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் தேவசுந்தரி மெக்கானிக் கடை வைத்திருக்கிறாள். மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், தண்ணீர் இறைக்கிற சின்ன எஞ்சின், மரமறுக்கிற மெஷின், இப்படிக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற எதுவானாலும் அங்கேதான் வந்து சேரும். கடைக்குப் போர்டு கிடையாது. எதற்குப் போர்டு? அவள் குரல் போதாதா? "ஏ சனியனே, நேத்து நல்லாதானே ஓடின, இன்னிக்கு இன்னா வந்துச்சு உனக்கு?" என்று கார்புரேட்டரை அவள் வைவது பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் யாரோ மருமகளைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறந்தது அரக்கோணம் பக்கம். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒருவன் தையல் பிரிவுக்கு வழி காட்டினானாம். அவனுக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. கட்டிக்கொண்ட காலேப் ரயில்வேயில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவோடு நிற்கும்போதும் அவள் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள் என்று தெருவில் பெயர். சுத்தப் பொய். தண்ணீரைக் கண்டால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். குளத்துக்குப் போனால் மேல்படியோடு நின்றுவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு படகு மோட்டார் வந்து மாட்டியதை என்னவென்று சொல்ல!

கொண்டுவந்தவன் சந்திரமோகன். அவனுக்குத் தும்பைக்குப்பம், பள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில் ஆற்றுக்கு அந்தண்டை இருக்கிற ஊர். மழை பிடித்துவிட்டால் தரைப்பாலம் முழுகிவிடும். பிறகு ஊருக்கென்று இருக்கிற ஃபைபர் படகுதான் கதி. பழவேற்காட்டு மீனவர் ஒருவர் கழித்துப்போட்ட பழைய மோட்டாரை வாங்கி வந்து படகின் பின்னால் மாட்டியிருந்தான். ஊருக்குச் சேவை என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையான காரணம் அவனுடைய அப்பா கஜபதி. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு முறை திருத்தணிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போனால்தான் உயிர் நிற்கும்.

மோட்டார் மூன்றாவது முறையாகக் கடைக்கு வந்திருந்தது. முதல் தடவை தேவசுந்தரி பிளக்கை மாற்றினாள். இரண்டாம் தடவை கார்புரேட்டரை அக்கு அக்காகக் கழற்றிக் கழுவினாள், பெட்ரோலை உறிஞ்சித் தரும் பம்ப்பின் ரப்பர் தகடும் புதிதாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டி ஓட்டிப் பார்த்தாள். அமிர்தமாக ஓடியது. இப்போதும் அப்படித்தான், டீக்கடைக்காரர் கிளாஸைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நாராசமாகக் கத்திக்கொண்டு ஓடுகிறது.

"தோ, ஓடுதே! இதுக்கு மேல இன்னா ஓடணும்? டான்ஸ் ஆடணுமா?"

"இங்க ஓடும்க்கா. நடு ஆத்துக்குப் போனாதான் நின்னுடுது. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா தானா ஸ்டார்ட் ஆவுது. திரும்பவும் நிக்குது."

"மூணு வாட்டியும் இதே பாட்டுதான் பாடறே."

சந்திரமோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆண்பிள்ளை அழுதால் தேவசுந்தரிக்குக் கை கால் ஓடாது. மோட்டாரை நிறுத்தினாள்.

"இன்னாடா ஆச்சு? சொல்லு."

"போன வாட்டி நைனாவ இட்டுனு வரும்போது நடுவுல நின்னுடுச்சுக்கா. படகு இழுத்துகினு போயி வேலிக்காத்தான் முள்ளுல மாட்டிச்சு. அன்னையிலேருந்து படகுல ஏற மாட்டேன்றாரு. தண்ணியில சாவறதுக்கு வூட்லயே கெடக்கறேன்றாரு. ஒரு வாட்டி ஆஸ்பத்திரிக்கு வராம வுட்டாச்சு. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. அணைய வேற தொறக்கப் போறாங்களாம். இப்பவாவது துடுப்பு போட்டு வரலாம். தொறந்துட்டா துடுப்பெல்லாம் எடுபடாது."

தேவசுந்தரி பீப்பாயைப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள். பீப்பாய்த் தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் மோட்டாருக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகிறது? எங்கேயோ அவளுக்குத் தப்பியிருக்கிறது. எது என்றுதான் புரியவில்லை. அந்த மனிதர் ஏறாமல் கிடந்து செத்துப்போனால் தன் கடைக்கு வந்து போன மோட்டாரால்தான் செத்தார் என்று ஆகிவிடும்.

"வண்டிய எடு. நானே வந்து ஆத்துல பாக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

போனில் காலேப்புக்குச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற சந்திரமோகனுக்கும் கேட்கும்படி அவன் சிரித்தான். "நீயா? படகுலயா? பக்கெட்டுல தண்ணி ரொம்பினாலே எட்டி நிப்பியேம்மா சுந்தரி."

"ஜெபம் பண்ணுன்னு சொன்னா ஜெபம் பண்ணு. கிண்டல அப்புறம் வெச்சுக்கலாம்."

ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரைப் படகில் மாட்டினார்கள். பெட்ரோல் டேங்க் அக்கரையில் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சந்திரமோகன் துடுப்பு போட்டான். தேவசுந்தரி பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கரை தட்டியது என்று அவன் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

அக்கரையில் எல்லம்மாள் காத்திருந்தாள், சந்திரமோகனின் அம்மா. சிவப்புப் பிளாஸ்டிக் டேங்கை இடுப்பில் குடத்தைப் போல் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. டேங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். படகின் மூக்கில் ஒரு பொட்டு ஏற்கெனவே இருந்தது. இப்போது மோட்டாரின் தலையிலும் ஒன்று வைத்தாள். தள்ளி, புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கஜபதி உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது.

"வந்தியாம்மா தங்கச்சி. நல்லா பாரு. ஆனா நான் ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"உங்கள யாரு ஏறச் சொன்னா? நான் ஏறிட்டுத்தான் சாவப்போறேன்" என்றாள் தேவசுந்தரி. அவர் சிரித்துவிட்டார்.

டேங்கைப் படகில் வைத்து, குழாயை மாட்டி, குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் குண்டைச் சந்திரமோகன் அமுக்கினான். பெட்ரோல் ஏறியது. ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. படகு சர்ரென்று கிளம்பியது. இந்த முறை கண்ணை மூட முடியாது, காதும் கண்ணும் இரண்டும் வேண்டும். மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடு ஆற்றை நெருங்கும்போது சத்தம் மாறியது. சளி பிடித்தவன் பேசுவதைப் போல இரண்டு தடவை கமறியது, நின்றது. படகு மெதுவாகத் திரும்பித் தண்ணீரின் போக்கில் போக ஆரம்பித்தது. கரையில் எல்லம்மாள் "முருகா!" என்று கத்துவது கேட்டது.

"துடுப்ப எடுறா! கயித்த இழுக்காத, துடுப்பு போடு!" என்று அலறினாள் தேவசுந்தரி. அவன் துடுப்பு போட்டுப் படகை ஒரு நிலையில் வைத்தான். அவள் மண்டியிட்டு ரப்பர் குண்டைத் தொட்டாள். அது தட்டையாக ஒட்டிக் கிடந்தது. அமுக்கிவிட்டால் உப்ப வேண்டாமா? உப்பவே இல்லை. டேங்கைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக்கொண்டு கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அட கடவுளே" என்றாள்.

மூடியை ஒரு திருகு திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டேங்கின் கன்னம் டொக்கென்று உப்பியது. குண்டை அமுக்கிவிட்டுக் கயிற்றை அவளே இழுத்தாள். மோட்டார் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

எந்தப் பெட்ரோல் டேங்குக்கும் காற்று போக ஒரு ஓட்டை வேண்டும். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வராவிட்டால் எஞ்சினால் உறிஞ்ச முடியாது, மூச்சுமுட்டி நின்றுவிடும். இந்த மூடியின் நடுவிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அந்த ஓட்டையின் மேல்தான், நெற்றியின் நடுவில் வைப்பதைப் போல அவ்வளவு சரியாக, சந்தனப் பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினாள். ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தனமல்ல அது. அடுக்கடுக்காகக் காய்ந்து கல்லாகியிருந்தது.

தேவசுந்தரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கடையில் மூன்று தடவையும் அவள் ஆணியில் மாட்டியிருக்கும் தன்னுடைய சொந்தக் கேனிலிருந்துதான் பெட்ரோல் விட்டாள். டேங்கை ஒரு தடவையாவது கொண்டுவரச் சொன்னாளா? எஞ்சினை மட்டும் திட்டினால் போதுமா? புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்திவிட்டாள்.

"அக்கா, இது அம்மா வெக்கறது" என்றான் சந்திரமோகன் மெதுவாக. "நைனாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சதுலேருந்து வெக்குது. மோட்டாரு நிக்க ஆரம்பிச்சதும் இன்னும் பெருசா வெக்குது."

"தெரியுது. வாய மூடிகினு ஓட்டு."

படகை மேலும் கீழும் ஓட்டச் சொல்லிக் கார்புரேட்டரின் திருகைக் கால் திருகு, அரைத் திருகாகத் திருப்பினாள். பீப்பாயில் சும்மா சுற்றும்போது சரியாக இருந்த ஓட்டம், எதிர்நீரில் பாரம் இழுக்கும்போது கொஞ்சம் திணறியது. அதையும் சரி செய்தாள். மோட்டாரின் குரல் தெளிந்தது. தண்ணீரின் நடுவில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் கரை நெருங்க நெருங்க வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தம்மாவிடம் என்னவென்று சொல்வது? புருஷன் பிழைக்கட்டும் என்று வைத்த பொட்டே புருஷனை ஆற்றில் நிறுத்தியது என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் சர்ச்சுக்குப் போகிறவள் சொன்னால் எப்படிக் கேட்கும்? ஏதோ ஒரு ஸ்பேர் போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். போனால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சந்தனம் ஏறும். அப்போது அணைத் தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். "இன்னாம்மா ஆச்சு? ஏன் நின்னுச்சு?"

"அக்கா, இப்பிடி வா. இதுக்கு இங்க ஒரு மூக்கு கீது, பாரு. இது வழியாதான் மூச்சு வுடும்."

எல்லம்மாள் குனிந்து மூடியைப் பார்த்தாள். சுரண்டிய சந்தனம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் அடச்சேனா?" என்றாள். "என் கையாலயே... ஐயோ, முள்ளுல போயி மாட்டினது என்னாலயா?"

"அக்கா, அக்கா, இரு. நீ சந்தனம் வெச்ச, அவ்ளோதான். எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கறவ நானு. மூணு வாட்டி வந்துச்சு, டேங்க கொண்டாடான்னு ஒரு வாட்டி கேட்டனா? அப்போ எம்மேலயும் பாதி பழி போடு. போட்டுட்டு அழு."

எல்லம்மாள் அழத்தான் செய்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை கேட்பதைப் போலக் கேட்டாள்: "அப்போ இனிமே பொட்டே வெக்கக் கூடாதா?"

தேவசுந்தரி கரையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். கிரீஸ் படிந்த விரலால் சந்தனத்தைக் குழைத்து, மோட்டாரின் மேல்மூடியில் எல்லம்மாள் வைத்திருந்த சின்னப் பொட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினாள். கிரீஸும் சந்தனமும் சேர்ந்து ஒரு மாதிரியான நிறத்தில் இருந்தது.

"இங்க வை. எவ்ளோ வேணுமோ வை. மூக்க மட்டும் வுட்டுடு" என்றாள்.

மரத்தடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கஜபதி வீங்கிய காலோடு எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என் ஆஸ்பத்திரிப் பைய எடுத்துனு வா. அழுதது போதும்."

"ஏற மாட்டேன்னீங்களே?" என்றாள் தேவசுந்தரி.

"தண்ணின்னா உனக்கு எவ்ளோ பயம்னு எம்புள்ள வழியெல்லாம் போன்ல சொல்லிகினு வந்தான். நீயே ரெண்டு வாட்டி ஏறிட்ட. நான் ஏறலன்னா நல்லாவா இருக்கும்?"

நான்கு பேரும் ஒன்றாகக் கரை கடந்தார்கள். மோட்டார் நிற்கவில்லை. திரும்பும்போதும் தேவசுந்தரி பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது.

அடுத்த வாரம் அணையைத் திறந்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் மிச்சமிருந்த தரைப்பாலமெல்லாம் முழுகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காலையிலிருந்து தேவசுந்தரிக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஸ்ப்ரேயரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள், திட்டக்கூட இல்லை. என்ன உடம்புக்கு என்று டீக்கடைக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, மோட்டார் சத்தம் மட்டும். யாரோ போனை மோட்டாருக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். அவள் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். கமறல் வருமா, வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. சத்தம் நீண்டு, தணிந்து, கரை தட்டுகிற ஓசையோடு நின்றது.

பிறகு எல்லம்மாளின் குரல் கேட்டது.

"இந்தண்டை வந்துட்டோம்மா. அவரு எறங்கிட்டாரு, பஸ்ஸுக்கு நடக்கறாரு. பொட்ட மோட்டாரு தலையிலதான் வெச்சேன். வழியெல்லாம் மூக்கத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினேதான் வந்தேன்."

தேவசுந்தரி போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எதிரே கிடந்த ஸ்ப்ரேயரைப் பார்த்து, "உனக்கு இன்னாடி கேடு, நீயும் சொல்லித் தொலை" என்று தெருவே கேட்கும்படி ஆரம்பித்தாள்.