கர்னலுக்கு உப்பு பார்த்தவள்

தெருவில் எல்லோரும் அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். மீசையும் நடையும் அப்படி. உண்மையில், பட்டாளத்தில் இருந்த அத்தனை வருஷமும் அவர் துப்பாக்கியைப் பிடித்ததைவிடக் கரண்டியைப் பிடித்ததுதான் அதிகம். பனியிலும் புழுதியிலும் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, முந்நூறு பேர் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்ட சமையல்காரர். பட்டப்பெயரைத் திருத்த அவர் ஒருநாளும் முயன்றதில்லை. "சும்மா கிடைக்கிற பதவி உயர்வ வேண்டாம்னு சொல்ல நான் என்ன முட்டாளா?" என்பார் மனைவியிடம்.

மனைவியிடம் அந்தக் கர்னல் பவிசெல்லாம் வாசலோடு சரி. ஓய்வு பெற்று வந்த முதல் வாரம் ஆசையாகச் சமையலறைக்குள் நுழைந்தவர், இரண்டு பேருக்கு ஆக்கச் சொன்னால் தெருவுக்கே ஆக்கி வைத்தார். கை பழகிய அளவு அது, குறைக்க வரவில்லை. மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குச் சுமந்து அலுத்துப்போனவள், "என்னங்க, இது வீடு, பட்டாளம் இல்ல. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று விரட்டிவிட்டாள். அன்றிலிருந்து காய் நறுக்குவதோடு அவர் எல்லை முடிந்தது.

எழுபதை நெருங்கும்போது அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்திருக்காத உடம்புக்கு எதற்குத் தீனி என்று அவளுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. மகள் கெஞ்சிப் பார்த்தாள். மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "சாப்பிட்டாதான் தெம்பு வரும், தெம்பு வந்தாதான் நடக்க முடியும். இல்லைன்னா படுத்த படுக்கைதான்."

வீட்டு நினைப்பில் சோறு இறங்காத புதுச் சிப்பாய்களைக் கர்னல் நிறையப் பார்த்தவர். அப்படிப்பட்டவனைச் சாப்பிடு என்றால் சாப்பிட மாட்டான். ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

மறுநாள் தானே ரசம் வைத்து, ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "இந்தா, உப்பு சரியா இருக்கா பாரு. வயசாயிடுச்சு, நாக்குக்கு ஒண்ணும் தெரியல."

வேண்டா வெறுப்பாக ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பே போடலையே! உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு கேள்விப்பட்டதில்லையா?"

அடுத்த நாள், "இது என்ன, கடல் தண்ணியையா காய்ச்சினீங்க?" என்றாள். அதற்கடுத்த நாள் குறையைக் கண்டுபிடிக்க இரண்டு கரண்டி தேவைப்பட்டது, பிறகு அரைக்கிண்ணம். திட்டுவதற்காவது கொஞ்சம் உள்ளே போக வேண்டுமே. வாரங்கள் போகப் போகக் கன்னத்தில் சதை பிடித்தது. ஒருநாள் காலை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"தள்ளுங்க. உங்ககிட்ட மாட்டிக்கிட்டு அந்த அடுப்பு படுற பாட்டப் பாக்க முடியல."

கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருவரும் சேர்ந்தே சமைத்தார்கள். யார் கிளறினாலும் உப்புப் பார்ப்பது அவள் வேலை. கர்னல் ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில், பட்டாளத்தில் அவருக்கு உதவியாளாக இருந்தவரும் ஒருவர். மகள் அவரிடம் உப்புக் கதையைச் சொன்னாள். அவர் துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டார்.

"அண்ணி, உங்கள நல்லா ஏமாத்தியிருக்காரு! அண்ணன் ருசி பாத்து நான் பாத்ததே இல்ல. முந்நூறு பேர் சமையலுக்குக் கண்ண மூடிக்கிட்டு அள்ளிப் போடுவாரு. துளி பிசகாது."

மகள் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் நிறைந்திருந்தது, உதட்டில் சிரிப்பு.

"எனக்குத் தெரியாதா தம்பி? மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. காய்ச்சல்ல கிடக்கும்போதுகூட ஒரு கல்லு உப்பு கூடினா கண்டுபிடிச்சிடுவாரு. அந்த நாக்கு திடீர்னு செத்தா போயிடும்?"

"அப்புறம் ஏம்மா சொல்லவே இல்ல?" என்றாள் மகள்.

"சொல்லியிருந்தா மறுநாள் கேக்க மாட்டாரே. கரண்டிய நீட்டிட்டு, நான் என்ன சொல்லப்போறேன்னு என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்பாருடி. அத எப்படி விடுவேன்?"