பத்து நாள், ஒரே தட்டு

சூடான தோசைக் கல்லில் தண்ணீரை வீசித் துடைப்பத்தால் தேய்ப்பார்களே, அந்தச் சத்தம்... எழும்பூரில் நாங்கள் சாப்பிட்ட ஓட்டலை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கேட்கிறது. நெய் வாசனை பிறகுதான் வருகிறது.

நாற்பத்தைந்து வருடம் இருக்கும். ஒலக்கூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். சென்னையில் பத்து நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து நானும் மேரியும் போனோம்.

மேரியும் அங்கே டீச்சர்தான். ஆனால் அவள் அம்மா செல்லம்மா, எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வருகிறவர். அவர்களுக்கு எங்கள் வீட்டில் தோட்டத்துப் பக்கம்தான் சாப்பாடு. டம்ளரும் தனி. டீச்சரான பிறகும் மேரி எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. பள்ளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மதியம் மட்டும் அவரவர் டிபன் பாக்ஸ், அவரவர் மூலை.

நான் கான்வென்டில் படித்தவள். டம்ளர் விளிம்பைக் கைக்குட்டையால் துடைக்காமல் வாயில் வைக்க மாட்டேன். கல்யாணத்தன்று கணவர் சாப்பிட்ட இலையில் உட்காரச் சொன்னபோதே முகம் சுளித்தவள்.

பயிற்சி முடிந்ததும் சாயங்காலம் நேராக ஓட்டலுக்குத்தான் போவோம். சுவரில் ஒரு கரும்பலகை. முதல் நாள் மேரி அதை மேலிருந்து கீழ்வரை பாடம் மாதிரி வாசித்தாள்.

"ஆளுக்கு ஒண்ணுன்னா ரெண்டே ஐட்டத்துல வயிறு ரொம்பிடும் டீச்சர். பாதி பாதின்னா நாலு பாத்துடலாம். பத்து நாள்ல பலகையே காலி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன்.

இரண்டு நாள் காலித் தட்டு ஒன்று கேட்டு வாங்கிப் பிரித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் நல்ல கூட்டம். ரவா தோசை வந்தது, காலித் தட்டு வரவில்லை.

"ஆறிப் போவுது" என்று மேரி ஓர் ஓரத்தைப் பிய்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்... பிறகு எதிர் ஓரத்தை நான் பிய்த்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் தட்டே கேட்கவில்லை.

"இன்னாடி, முந்திரிய மட்டும் பொறுக்கிக்கினு போற? கான்வென்ட்டுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்பாள். டீச்சர் போய் 'டி' எப்போது வந்தது என்று எனக்கு நினைவில்லை.

பரிமாறுகிறவர் ஒருநாள், "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் பெரியவ. நான் மெரட்டுனாத்தான் இவ துன்னுவா" என்றாள் மேரி.

நான் மறுக்கவில்லை. அந்த ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது.

கடைசி நாள் பலகையில் காசி அல்வா ஒன்றுதான் பாக்கி. அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்துவிட்டது. "போவட்டும் விடு. திண்டிவனத்துல எறங்கினதும் முடிச்சிடலாம்" என்றாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனோம். ஒரு அல்வா, இரண்டு ஸ்பூன். மேரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னாம்மா, பட்டணத்துலேர்ந்து இப்பத்தான் வர்றியா?"

என் பெரிய மாமனார். பின் மேசையில் ஊர்க்காரர்கள் இரண்டு பேருடன் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார். மேரியைப் பார்த்தார்.

"நம்ம செல்லம்மா பொண்ணுல்ல இது? நல்லாருக்கியாம்மா?" குரலில் கோபமே இல்லை. பிறகு என்னிடம், "உள்ள ஃபேமிலி ரூம் காலியாத்தான் கெடக்குது. நீ அங்க போய் உக்காந்துக்கோ. இங்க இன்னாத்துக்கு?" என்றார்.

என்னைத்தான் சொன்னார். அவளைச் சொல்லவில்லை.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மேரியின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் பரிமாறுகிறவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"இந்த ஸ்பூன எடுத்துக்கினு போங்க. ஒண்ணு போதும்."

நான் வெளியே வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். தட்டு காலியாக இருந்தது.

திங்கட்கிழமை, "வணக்கம் டீச்சர்" என்று வருகைப் பதிவேட்டை நீட்டினாள். சண்டை இல்லை, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னும் மூன்று வருடம் அதே பக்கத்து நாற்காலியில் இருந்தாள். ஒரு மன்னிப்புக் கேட்க மூன்று வருடம் தாராளம். நான் கேட்கவில்லை. பிறகு விழுப்புரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாள்.

பெரியவருக்குப் பயந்துதான் எழுந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதட்டக்கூட இல்லையே. ஊர்க்காரர்கள் எதிரில் மேரிக்குச் சமமாக உட்கார்ந்திருக்க எனக்கே கூசியது. அதுதான் உண்மை. என் கணவர் போய் ஏழு வருடம் ஆகிறது. அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன மாதம் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். மருமகள் தன் ஆபீஸ் தோழிகளோடு ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு என்னையும் அழைத்துப்போனாள். ஏசி, மங்கிய விளக்கு, மெனுவே போனில்தான் வருகிறது. ஐந்து பெண்கள், நடுவில் ஒரே பெரிய தட்டு. ஒருத்தி கடித்த துண்டை இன்னொருத்தி பிடுங்கித் தின்றாள். யார் எந்த ஊர், எந்தத் தெரு என்ற பேச்சே இல்லை. எனக்கு மட்டும் தனித் தட்டு வைக்கச் சொன்னாள் மருமகள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும்.

"அத்தை, நீங்க வேலைக்குப் போன காலத்துல ஃப்ரெண்ட்ஸோட இப்படி வெளிய போய் சாப்ட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. அப்பல்லாம் ஏது" என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால், அந்த ஃப்ரெண்ட் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டிருப்பாள்.