ஸோயா ஆசையாய் வாங்கிய பூட்ஸ்

ஸோயா கெட்ட தாயாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவள் நல்ல தாய். அதனால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

என் எதிர் வீட்டுக்காரி அவள். எங்கள் ஊரில் ஓடும் ஒரே ட்ராமில் கண்டக்டர். புருஷன் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். மகள் வார்யா ஐந்தாம் வகுப்பு.

உரால் மலைக் குளிரில் நாள் முழுக்க ட்ராமில் நிற்கிறவளுக்குக் கம்பளி பூட்ஸை விட்டால் கதி கிடையாது. ஆட்டு ரோமத்தை அடித்து இறுக்கிய அந்த பூட்ஸ் முழங்கால் வரை வரும், இடது வலது கிடையாது, பார்க்க உலக்கை மாதிரி இருக்கும். ஸோயாவும் அதைத்தான் போடுவாள். ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் டிப்போவிலேயே கழற்றிப் பையில் திணித்துவிட்டு, மெல்லிய தோல் பூட்ஸில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

காரணம் பழையது. சின்ன வயதில் கிராமத்திலிருந்து கம்பளி பூட்ஸோடு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் அவள். எங்கள் ஊரில் மந்தபுத்திக்காரனைத் திட்டுவதற்கும் அந்த பூட்ஸின் பெயர்தான். பள்ளி முடியும்வரை அவளுக்கு வேறு பெயரே இல்லை. வாத்தியாரம்மாகூட ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டாளாம்.

"என் பொண்ணை எவளும் அப்படிக் கூப்பிடக் கூடாது" என்பாள். இலையுதிர் காலத்திலேயே சிவப்புத் தோல் பூட்ஸ் வாங்கிவிட்டாள். பக்கவாட்டில் ஜிப், குட்டியாக ஹீல். வார்யா வாசலில் போட்டுக் காட்டினபோது அம்மாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளை வளராமல் இருக்குமா? ஜனவரியில் பூட்ஸ் காலை இறுக்கிப் பிடித்தது. குளிரும் ஏறியது. ஸோயா என்ன செய்தாள் தெரியுமா? உள்ளே இரண்டாவதாக ஒரு கம்பளி சாக்ஸைத் திணித்தாள்.

"ஏண்டி, விரல் அசையவே இடமில்லையே. இறுக்கின கால் முதல்ல விறைக்கும்னு உனக்குத் தெரியாதா? நீயும் இந்தக் குளிர்ல வளர்ந்தவதானே?" என்று கேட்டேன்.

"ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கா நீனா அக்கா! இதுக்கு மேல என்ன போடச் சொல்ற?"

"கம்பளி பூட்ஸைப் போடு."

"அதை நீயே போட்டுக்க" என்று கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் குளிர் மைனஸ் நாற்பதைத் தொட்டது. சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை என்று ரேடியோவில் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புக்கு இல்லை. வார்யா பள்ளிக்குப் போக நிறுத்தத்தில் ட்ராமுக்காக நின்றாள். வருவது அம்மாவின் ட்ராம்.

மேலே மின்கம்பி அறுந்து, ட்ராம் பாலத்தருகே நின்றுபோயிருந்தது. உள்ளே ஸோயா பயணிகளுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கம்பளி பூட்ஸுக்குள் கால் இரண்டும் கதகதப்பாக.

மாவு வாங்கப் போன நான்தான் வார்யாவைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போயிருக்கலாமேடி!"

"அம்மா ட்ராம் வந்துடும் அத்தை. முதல்ல ரொம்ப வலிச்சுது. இப்ப வலிக்கல, சரியாயிடுச்சு."

வலி நின்றுவிட்டது என்றால் கால் விறைத்து மரத்துவிட்டது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தூக்கிக்கொண்டு வந்தேன். பூட்ஸ் கழலவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். சிவப்புத் தோல், நல்ல தோல், வெட்டவே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் முதல் பனி விழுந்ததும் ஸோயா தானாகவே கம்பளி பூட்ஸ் வாங்கி வந்தாள். அன்று காலை நானும் அங்கே இருந்தேன். மகளுக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் முகத்தில் அந்தப் பழைய பயம்.

"பசங்க யாராவது சிரிச்சா வந்து என்கிட்ட சொல்லு. நான் வந்து பேசறேன்."

"யாரும்மா சிரிப்பாங்க? என் கிளாஸ்ல பாதிப் பேர் இதைத்தான் போட்டுட்டு வராங்க."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமேதான்."

"அப்போ போன வருஷமே ஏண்டி சொல்லல?"

வார்யா பையை மாட்டிக்கொண்டாள். "நீ ஆசையா வாங்கினியேம்மா" என்று சொல்லிவிட்டு, வலது காலைக் கொஞ்சம் இழுத்தபடி படியிறங்கிப் போனாள்.