மச்சில் ஏறிய அண்டா

கண்ணம்மை ஆச்சிக்கு வாயில் வராத ஒரே சொல் ‘இல்லை’. அதனால் அவருக்குச் சீராக வந்த பெரிய பித்தளை அண்டா வருஷத்தில் பாதி நாள் ஊரார் கல்யாணங்களில்தான் குடியிருந்தது. திரும்பி வரும்போதெல்லாம் புதிதாக ஒரு நெளிசல் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் காரைக்குடியில் புது வீடு கட்டினார்கள். ஓட்டுக்குக் கீழே சாமான் போட்டு வைக்கப் பலகை மச்சு அமைக்க வந்தார் வெள்ளைச்சாமி ஆசாரி. பலகை அடிப்பதற்கு முன்பே அண்டாவை மேலே ஏற்றிவிடச் சொன்னார் ஆச்சி.

“ஏறுற வழி சின்னது ஆச்சி. பலகையை அடிச்சுட்டா அண்டா இறங்காது. தெரிஞ்சுதான் சொல்றீகளா?”

“தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க அடிங்க.”

அதன் பிறகும் ஆச்சி யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. “மேலதான் இருக்கு, தாராளமா எடுத்துக்கங்க” என்பார். வந்தவர்கள் ஏணியில் ஏறி அண்டாவைப் பார்ப்பார்கள், வழியைப் பார்ப்பார்கள், இறங்கிக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். ஆச்சியின் தாராள மனசைப் பற்றி ஊரில் ஒரு குறையும் இல்லை.

எழுபத்தெட்டில் ஆச்சியின் மகளுக்கே கல்யாணம் வந்தது. பலகையைப் பெயர்த்தால், பெயர்க்க முடியும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே பக்கத்து வீட்டு உமையாள் ஆச்சியிடம் அண்டா கேட்கப் போனார்.

உமையாள் ஆச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அதுக்கென்ன ஆச்சி! போன மாசம்தான் நாங்களும் மச்சுப் போட்டோம். மேலதான் இருக்கு, தாராளமா எடுத்துக்கங்க.”

கண்ணம்மை ஆச்சி காபியைக் குடித்துவிட்டு வீடு திரும்பி, வெள்ளைச்சாமி ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்.