சுவர் டீச்சர்

கார்மென்ட்ஸ் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குச் ‘சுவர் டீச்சர்’ என்று பெயர். பெயிண்ட் பிரஷ்ஷையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்து, பின்பக்கச் சுவரில் பிள்ளைகளை இஷ்டத்துக்கு இழுக்க விடுவாள். வெயிலில் காய்ந்துவிடும்; மறுபடி இழுக்கலாம். “வெள்ளையடிக்க ஆள் தயார் பண்றாங்க” என்று காவலாளி கிண்டலடிப்பார். தோளும் மணிக்கட்டும் பழகாத பிள்ளையின் விரலில் பென்சிலைத் திணிக்கக் கூடாது என்பதில் அவள் பிடிவாதக்காரி.

சுண்டெலி என்று எல்லாரும் கூப்பிட்ட நாலு வயதுப் பெண் அங்கே ஓயாமல் வரைவாள். ஒருநாள் தாளில் ஒரு வீடு வரைந்து, அதன் கீழே நெளிநெளியாய் ஒரு கோடு இழுத்தாள்.

“இது என்னடா கண்ணு, பாம்பா?”

“பாம்பு இல்ல. எழுதியிருக்கேன்.”

“என்னன்னு?”

“அப்பா நாளைக்கு வருவாருன்னு.”

அப்பா வீட்டை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். படம் வேறு, எழுத்து வேறு, வாயால் சொல்வதைக் கோட்டில் வைக்கலாம் என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. இனி எழுத்து தன்னால் வரும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தாள். காலர் தைக்கும் வேலையிலிருந்து களைத்து வந்த சுண்டெலியின் அம்மாவிடம் தாளை நீட்டி, பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னாள்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “இதத்தான் இங்க சொல்லிக்குடுக்கறீங்களா? ஸ்கூல்ல சேர்க்கப் போனா அனா ஆவன்னா எழுதச் சொல்வாங்க. பெரியவன எழுத வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இவளுக்கும் அதே கதி ஆகணுமா?”

“எழுத்து வந்துக்கிட்டுதான் இருக்கும்மா. கொஞ்சம் பொறு.”

“பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த நிலைமைல நிக்கறேன் டீச்சர்.”

அதன்பின் வீட்டில் தினமும் புள்ளி புள்ளியாய் வைத்துக் கொடுத்த எழுத்துகள் மேல் பென்சில் ஓட்டும் வேலை நடந்தது. சுண்டெலி கிரேயானை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து உடைக்கத் தொடங்கினாள். வெற்றுத் தாளைக் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“ஏன்டா வரையல?”

“நீங்க இன்னும் புள்ளி வைக்கலையே.”

டீச்சர் மதிய இடைவேளையில் அம்மாவைத் தேடிப் போனாள்.

“அன்னைக்கு அவ அப்பாவப் பத்திச் சொன்னத நான் உன்கிட்ட அப்படிப் போட்டு உடைச்சிருக்கக் கூடாது. அந்தக் கோபத்தப் பிள்ளைமேல காட்டாதம்மா.”

அம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “கோபம் இல்ல டீச்சர். தினம் வீட்டுக்கு வந்ததும், அப்பா எங்கன்னு கேக்கறா. என்னத்தச் சொல்ல? புள்ளி வச்சுக் குடுத்தா குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பா. கேக்க மாட்டா.”

பிள்ளைகளின் கையைப் பற்றி டீச்சருக்கு நிறையத் தெரியும். இது கையைப் பற்றியது இல்லை.

பள்ளிக்கூடத்தில் சுண்டெலிக்கு இடம் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து கம்பெனி வாசலில் அம்மா எதிர்ப்பட்டாள்.

“எப்படிப் படிக்கறா?”

“கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொல்றாங்க டீச்சர்.”

“வரையறாளா?”

“இல்ல. அப்பாவப் பத்தியும் கேக்கறதில்ல” என்றாள்.

ஷிஃப்ட் மணி அடித்தது. அம்மா உள்ளே ஓடினாள். நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று டீச்சர் அப்புறம் நினைத்துக்கொண்டாள்.